அடைப்புக்குறிக்கு வெளியே

பிளீச்சிங் பவுடரின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் முதலில் நாக்குதான் வறண்டு போகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவாக இருக்கலாம், கல்யாண மண்டபத்துப் பின்கட்டாக இருக்கலாம், அந்தக் காரமான வெள்ளை வாசனை வந்த மாத்திரத்தில் நான் ஒன்பது வயதுப் பெண்ணாகிவிடுவேன். வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், இரண்டு ஓரமும் கோலமாவு கொட்டியது போல வெளுத்துக் கிடக்கும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. கட்டுமரங்களெல்லாம் மணலில் ஏறிப் படுத்துவிட்டன. காய்ந்த மீன் வாசனைக்குப் பழகிய எங்கள் தெருக்களில் ஈர வலையின் புழுங்கல் நாற்றமும் இந்தப் பவுடர் நாற்றமும் கலந்து நின்றன. பவுடர் தெளிக்க வந்தவர்கள் முனிசிபாலிட்டி ஆட்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் முனிசிபாலிட்டியை 'மேரி' என்றுதான் சொல்வார்கள். "மேரி ஆளுங்க வந்து பவுடர் போட்டுட்டுப் போனாங்கன்னா சும்மா இல்ல, எங்கியோ ரெண்டு உசுரு போயிருக்குது," என்று எதிர்வீட்டு அஞ்சலை அத்தை தெருக்குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்த பெண்களிடம் சொன்னாள். காலரா என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். 'அது வந்திருக்குது' என்பார்கள்.

எனக்கு அந்தப் பயமெல்லாம் அப்போது இல்லை. எனக்கு வேறு பெருமை இருந்தது. நான் வாசிப்பதில் கெட்டிக்காரி. நான்காம் வகுப்பில் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்திலேயே என்னை மாதிரி வாசிக்க ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, எலிஸ் டீச்சர் சொன்னது. எலிஸ் டீச்சரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா'. டீச்சர் வகுப்புக்குள் நுழையும்போதே பிரம்பால் மேசையைத் தட்டி "சிலான்ஸ்!" என்பார், அதற்கு 'சத்தம் போடாதே' என்று பொருள் என எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பிரம்பு சொல்லிக் கொடுத்தது. நல்லவர்தான். மழையில் நனைந்து வரும் பிள்ளைகளின் தலையைத் தம் முந்தானையால் துவட்டிவிடுவார். அவரைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில் குறை போலத் தெரிகிறதெல்லாம் அவர் தனியாகச் செய்த குறை அல்ல. அந்தக் காலத்தில் எல்லா வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசிப்பது என்றால் எங்களுக்கு ஒரு ராகம். வரியின் தொடக்கத்தில் குரலைத் தூக்கி, முற்றுப்புள்ளி வந்ததும் தொப்பென்று கீழே போட்டு, மூச்சு வாங்கி, மறுபடி தூக்க வேண்டும். ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து அப்படி வாசித்தால் கடற்கரை வரைக்கும் கேட்கும். வலை பின்னிக்கொண்டு இருப்பவர்கள் "ஸ்கூல் பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க" என்பார்கள். அதில் என் குரல்தான் முன்னால் போகும்.

அடுத்தது கேள்வி பதில். பாடம் முடிந்ததும் டீச்சர் பென்சிலை எடுக்கச் சொல்வார். "மொதல் கேள்விக்குப் பதிலு, மூணாவது பத்தியில 'அந்த ஊரில்'ங்கிறதுலேருந்து 'வாழ்ந்தான்'ங்கிறது வரைக்கும். அடைப்பு போட்டுக்கோ." நாங்கள் அடைப்புக்குறி போடுவோம். வளைந்த கோடு ஒன்று தொடக்கத்தில், அதற்கு எதிராக வளைந்த கோடு ஒன்று முடிவில், ஓரத்தில் கேள்வி எண். பரீட்சையில் அடைப்புக்குள் இருப்பதை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். கொஞ்ச நாளில் டீச்சர் சொல்லாமலே எனக்கு அடைப்புப் போடத் தெரிந்துவிட்டது. சூத்திரம் எளிதுதான்: கேள்வியில் இருக்கும் வார்த்தை பாடத்தில் முதலில் எங்கே வருகிறதோ, அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் திறக்க வேண்டும், முற்றுப்புள்ளி வந்ததும் மூட வேண்டும். டீச்சர் என் புத்தகத்தைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார். "கலாவப் பாருங்க. சொல்லிக் குடுக்காமலே போட்டிருக்கா." அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

எங்கள் வகுப்பில் கஸ்தூரி என்று ஒரு பெண் இருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு வரியைக் கடக்க அவளுக்கு ஒரு நாழிகை ஆகும், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒருமுறை, மேய்ச்சலுக்குப் போன ஆட்டுக்குட்டி ஒன்று மந்தையை விட்டுப் பிரிந்து காட்டுக்குள் போன பாடம். 'பொழுது சாய்ந்தது. ஆட்டுக்குட்டி திரும்பவில்லை' என்று பாடம் முடியும். ஐம்பது பேரும் அந்தக் கடைசி வரியை உற்சாகமாக, திருவிழாவில் கூவுவது போல வாசித்து முடித்தோம். கஸ்தூரி மட்டும் எழுந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "டீச்சர், அது ஏன் வரல? நரி தின்னுடுச்சா?"

டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் கேள்வியில இல்ல, உக்காரு," என்றார். நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பவுடர் தெளித்த இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்துக்கு நோட்டீஸ் கட்டு ஒன்று வந்தது. மஞ்சள் காகிதம். மேலே ஒரு தாயும் பிள்ளையும் படம். பேதி கண்ட குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கீழே அச்சடித்திருந்தது. வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டச் சொல்லும்படி உத்தரவாம். டீச்சர் எங்களை மூன்று தடவை சேர்ந்து வாசிக்க வைத்தார். நாங்கள் ராகத்தோடு வாசித்தோம். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது டீச்சர்ர்ர்" என்றோம். அதற்கும் ஒரு ராகம் இருந்தது.

மாலையில் குழாயடியில் அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். அம்மா மீன்கூடை சுமந்து ஊருக்குள் விற்கிறவள். ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் காகிதம் என்றால் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு, கீழே கிடந்தால் காலால் தாண்ட மாட்டாள். பத்துப் பதினைந்து பெண்கள் சூழ்ந்து நின்றார்கள். என் தம்பி பாபு, இரண்டரை வயது, அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என் கையிலிருந்த மஞ்சள் காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தான். நான் நோட்டீஸை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், ஒரு திக்கல் இல்லாமல் வாசித்தேன். இதைக் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன்: ஒரு வார்த்தையையும் விடவில்லை. அங்கே நின்ற எல்லோர் காதிலும் அந்த நோட்டீஸ் முழுவதும் விழுந்தது.

"எம்மாம் அழகா படிக்குது பாரு!" என்று அஞ்சலை அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். இன்னொருத்தி, "கலெக்டராத்தான் ஆவும் இது" என்றாள். அம்மாவுக்கு முகம் கொள்ளவில்லை. தண்ணீர் வந்துவிட்டது; எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் என்ன சொல்லியிருந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுபடியும் முழுவதையும் வாசித்திருப்பேன், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அதிகாலை இருட்டிலேயே பாபுவுக்கு ஆரம்பித்தது.

அப்பா அப்போது வீட்டில் இல்லை. இங்கே கடல் சரியில்லை என்று உறவுக்காரர்களோடு தெற்கே போய்த் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார். விடிவதற்குள் பாபு நாலைந்து தடவை போய்விட்டான். பிறகு அம்மா எண்ணுவதை விட்டுவிட்டாள். துணியைக் கசக்கிக் கசக்கி அவள் கை வெளுத்துப் போயிருந்தது. அவன் "தண்ணி, தண்ணி" என்றான். அவனுக்கு அப்போது தெரிந்த வார்த்தைகள் நாற்பதோ ஐம்பதோதான் இருக்கும், அவற்றில் நன்றாகச் சொல்லத் தெரிந்தது அது.

அம்மா தம்ளரை எடுத்தாள். அஞ்சலை அத்தை தடுத்தாள். "குடுக்காதடி. குடுக்கக் குடுக்க அப்படியே பீச்சிக்கினு போவும். வாயக் கட்டுனாத்தான் வவுறு நிக்கும்." எங்கள் பக்கத்தில் அது எல்லோரும் நம்பியது, அம்மாவும் நம்பியதுதான். ஆனால் பிள்ளை கேட்கிறானே. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. கையில் தம்ளரோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கலா, அந்த நோட்டீஸ எடு. தண்ணி குடுக்கலாமா கூடாதான்னு அதுல எதுனா போட்டிருக்குதா பாரு."

அந்த இரண்டு பெண்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பெரியவர்களுக்கே தெரியாத ஒன்றை என்னிடம் கேட்கிறார்கள். நான் பையிலிருந்து நோட்டீஸையும் பென்சிலையும் எடுத்தேன். பென்சில் எதற்கு? பதில் என்றால் அடைப்புப் போட வேண்டுமே. கேள்வியில் 'தண்ணி' இருந்தது, 'குடுக்க' இருந்தது. விரலை வைத்துத் தேடிக்கொண்டு போனேன். இரண்டாம் பத்தியில் அகப்பட்டது. அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் அடைப்பைத் திறந்தேன். முற்றுப்புள்ளி வந்ததும் மூடினேன். ஓரத்தில் ஒன்று என்று எண்கூடப் போட்டேன். பிறகு நிமிர்ந்து நின்று, டீச்சரிடம் ஒப்பிப்பது போல வாசித்தேன்.

"பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள்."

"அதான பாத்தேன்," என்றாள் அஞ்சலை அத்தை. "பல பேரு சொல்றதத்தான் போட்டிருக்காங்க."

அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

அந்த வாக்கியத்துக்கு அடுத்து, அதே வரியில், நான்கே வார்த்தைகள் இருந்தன. 'இந்த எண்ணம் மிகவும் தவறானது.' அதற்குப் பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, குழந்தை கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்தது. கண் குழி விழுந்தாலோ, நாக்கு வறண்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வர வேண்டும் என்று இருந்தது. அதெல்லாம் என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், கறுப்பு மையில், பெரிய எழுத்தில் இருந்தது. அதெல்லாம் கேள்வியில் இல்லை.

ஜாதிக்காய் இழைத்து நாக்கில் தடவினால் கட்டும் என்று அத்தை சொல்ல, அம்மா டவுனில் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினாள். அத்தை தன் வீட்டில் உலை கொதிக்கிறது என்று போய்விட்டாள். அம்மா படியிறங்கும்போது என்னிடம், "கேட்டான்னா குடுத்துடாத. படிச்சது நெனப்பிருக்கட்டும்," என்றாள்.

நினைவில் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. இப்போதும் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன். வீட்டில் நானும் அவனும் மட்டும். வெளியே தூறல். அவன் பாயில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "அக்கா, தண்ணி." நான் "கூடாதுடா கண்ணு, போட்டிருக்குது" என்று நோட்டீஸைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூலையில் இருந்த குடத்தை நோக்கி நடந்தான். நான் முந்திப் போய்க் குடத்தின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டேன். அவன் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அடித்தான். அந்த அடியில் வலுவே இல்லை. பிறகு என் காலடியிலேயே, ஈரத்தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டான். அழுதான், ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது; அழுகிறவனுக்குக் கண்ணீர் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

அம்மா வந்து ஜாதிக்காய் இழைத்துத் தடவினாள். கட்டியது போலத்தான் இருந்தது. இனிமேல் போவதற்கு உடம்பில் ஒன்றும் இல்லாததால் கட்டியது என்று பிற்பாடு தெரிந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அவன் கண் உள்ளே போய்விட்டது. அம்மா வீறிட்டுக்கொண்டு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓட, சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவர் கேட்காமலே ஏற்றிக்கொண்டு மிதித்தார்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டிய நர்ஸம்மா அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது. "தண்ணி குடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டு குடுக்கலம்மா," என்றாள் அம்மா. சரியாகச் செய்தவள் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நர்ஸம்மா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "யாரு சொன்னா குடுக்கக் கூடாதுன்னு?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "எங்க பக்கத்துல குடுக்க மாட்டாங்கம்மா," என்றாள். ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டு அவர்கள் பாபுவைச் சூழ்ந்துகொண்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறு கழிந்து நான் பள்ளிக்கூடம் போனபோது அந்த மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். என் இடத்துக்கு நேர் எதிரே. டீச்சர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அன்றைக்கு வாசிக்கச் சொல்லவில்லை. மற்றவர்கள் வேறு பாடம் வாசித்துக்கொண்டிருக்க, நான் வாயை மூடிக்கொண்டு சும்மா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகம் இல்லாமல் கண் மட்டும் வரிமேல் போயிற்று. 'எண்ணுகிறார்கள்' என்பதோடு நிற்கவில்லை. முற்றுப்புள்ளியைத் தாண்டி அடுத்த வாக்கியத்துக்குள் போயிற்று. எந்த எண்ணம் தவறு என்று யாரோ என்னைக் கேட்டது போல இருந்தது. நான் திரும்ப முந்தைய வாக்கியத்துக்குப் போனேன். மறுபடி வந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு வாசிக்கத் தெரிந்தது. அதற்கு முன்பு நான் செய்ததெல்லாம் சத்தம்.

கத்தவும் முடியவில்லை, எழுந்து ஓடவும் முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் எங்கள் நோட்டீஸைத் தேடினேன். கிழித்துக் கடலில் போட்டுவிட வேண்டும். ஆனால் அது அம்மாவின் தகரப்பெட்டிக்குள் போய்விட்டிருந்தது. பாபுவின் பச்சைச் சட்டை, அவன் அரைஞாண் கயிறு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அம்மா அதில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். அவன் கடைசியாக விளையாடப் பிடுங்கப் பார்த்த காகிதம் என்று அதையும் வைத்திருந்தாள். என் அடைப்புக்குறியும் எண்ணும் அதற்குள் இருந்தன. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதுதான் எனக்கு ஒரே தைரியம். தெரியாதவரைக்கும் நான் அவளுக்கு மகள்.

அதன் பிறகு நான் சத்தமாக வாசிக்கிற பெண்ணாக இல்லை. ஒரு வரி வாசித்தால் நின்றுவிடுவேன். அது என்ன சொல்கிறது, அடுத்தது இதை மாற்றிவிடுமா என்று பார்ப்பேன். "என்னடி, கஸ்தூரி மாதிரி ஆயிட்ட?" என்று டீச்சர் வருத்தப்பட்டார். கஸ்தூரியின் பக்கத்தில்தான் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஏழெட்டு வருஷம் போயிற்று. நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது குப்பத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு வந்தது. கோயில் மண்டபத்தில் சாயங்காலம் ஆறரைக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், மீன் விற்றுவிட்டு வந்த பெண்கள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். அம்மாதான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். ஊரே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் அவளைத் தடுக்கப் பார்த்தேன்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா? கண்ணு வலிக்கும்," என்றேன். "எனக்கு வேண்டிய காகிதத்த நானே படிச்சுக்கணும்டி," என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்றிரவு சாப்பிடவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக அவள் கற்றதை நான் பயத்தோடு கணக்கு வைத்திருந்தேன். 'த' வந்த அன்று, 'ண்' வந்த அன்று, கொம்பும் சுழியும் வந்த அன்று. பஸ் பலகையை வாசித்தாள். கடைப் பெயரை வாசித்தாள். அவள் வாசிப்பில் ராகம் இல்லை. சின்னப் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போவது போல ஒவ்வொரு எழுத்தையும் கைப்பிடித்துக் கொண்டுபோவாள். ஆனால் வரி முடிந்ததும் விடமாட்டாள். "அப்படின்னா என்னா? அப்புறம் என்னா ஆச்சு?" என்று வகுப்பு எடுக்க வந்த பெண்ணைக் குடைந்து எடுத்துவிடுவாளாம். அந்தப் பெண் என்னிடம் வந்து, "உங்க அம்மா மாதிரி யாருமே கேக்கறதில்ல," என்று மெச்சிக்கொண்டாள். நான் சிரித்து வைத்தேன்.

அந்தப் பெட்டி திறக்கிற சத்தத்துக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். திறக்கவே இல்லை, எனக்குத் தெரிந்து. அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல எனக்கு மூச்சு வந்தது. அவள் அந்தக் காகிதத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்திலிருந்து அவளிடம் ஒரே ஒரு புதுப் பழக்கம் வந்தது. நான் வெளியிலிருந்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால், பையைக்கூடக் கீழே வைக்க விடாமல், "மொதல்ல தண்ணி குடி," என்று சொம்பை நீட்டுவாள். கல்யாணமாகி நான் உழவர்கரைக்குப் போன பிறகும், வந்தால் முதலில் சொம்புதான். என் பிள்ளைகள் அவளுக்குச் 'சொம்பு ஆயா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆனேன். முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் எடுத்தேன். என் வகுப்பில் பாடப்புத்தகத்தில் அடைப்புப் போடக் கூடாது. வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொன்னதும், "அடுத்த வரி என்ன சொல்லுது?" என்பேன். நன்றாக வாசிக்கிற பிள்ளையைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் 'அடுத்த வரி டீச்சர்' என்பார்கள். சில பெற்றோர், இந்த டீச்சர் கேள்வி பதில் குறித்துக் கொடுப்பதில்லை என்று தலைமையாசிரியரிடம் முறையிட்டதும் உண்டு. நான் காரணம் சொன்னதில்லை.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். கருமாதி முடிந்து, அவள் இடுப்புச் சாவி என் கைக்கு வந்தது.

பச்சைச் சட்டை பழுப்பாகியிருந்தது. அரைஞாண் தொட்டதும் உதிர்ந்தது. அடியில் நோட்டீஸ், மடிப்பில் கிழிந்து, ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. இரண்டாம் பத்தியைப் பார்த்தேன். நான் திறந்த அடைப்பு இருந்தது. எண் இருந்தது. 'எண்ணுகிறார்கள்' என்பதற்குப் பக்கத்தில் நான் மூடிய கோடு இல்லை. ரப்பரால் அழித்த இடத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது. அதே வரியில் இன்னும் தள்ளி, 'தவறானது' என்பதற்குப் பிறகு, புதிதாக எழுதப் பழகுகிறவர்கள் அழுத்தி அழுத்திப் போடுகிற தடித்த கோணல் கோட்டில், அடைப்பை மூடியிருந்தது. என் கை இல்லை அது. கோயில் மண்டபத்துப் பென்சில்.

அப்படியானால் அவள் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அந்த முதல் வருஷத்திலேயே. எழுத்துக் கூட்டி அந்த வாக்கியத்தை வாசித்து, நான் நிறுத்திய இடத்தையும் பார்த்து, அடுத்ததையும் வாசித்து, எது எதைத் தவறு என்கிறது என்று யாரையும் கேட்காமலே புரிந்துகொண்டிருக்கிறாள். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள், என் பிரசவத்துக்குத் துணை இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. அடைப்பைச் சரியான இடத்தில் மூடினாள், அது மட்டும் தெரியும்.

இன்றைக்கு வைத்திக்குப்பத்தில் நாங்கள் ஓடிய மணல் இல்லை. கடல் அதை எடுத்துக்கொண்டது, கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள். குழாயடி இல்லை, ரிக்‌ஷா இல்லை, எலிஸ் டீச்சர் இல்லை, அஞ்சலை அத்தை இல்லை. கடற்கரை வரைக்கும் கேட்ட அந்த வாசிப்புச் சத்தமும் இல்லை. ஆனால் போன வாரம் பேத்தியின் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் வளைகோடு, ஓரத்தில் எண். "மிஸ்தான் போடச் சொன்னாங்க ஆயா," என்று அவள் கடகடவென்று வாசித்துக் காட்டினாள், ஒரு திக்கல் இல்லாமல். என் நாக்கு வறண்டு போயிற்று. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, முதலில் அவளைக் குடிக்கச் சொன்னேன்.